பானெட்டில் ஏறிய வெயில்

போன வாரம் குச்சியின் கம்பிகளெல்லாம் நடுத்தெருவில் வந்து விழுந்தனவே, நினைவிருக்கிறதா? இந்த வாரமும் அவை தெருவில்தான் இருக்கின்றன. ஒரே முன்னேற்றம், யாரோ புண்ணியவான் அவற்றை ஓரமாக மரத்தடிக்கு நகர்த்தியிருக்கிறார்.

நீளக் கம்பி, குட்டைக் கம்பி, கொக்கிக் கம்பி, வாத்துக் கழுத்துபோல் வளைந்த கம்பி. யானைக்குப் பல் பிடுங்கும் வைத்தியர் வீடு மாற்றுகிறார் என்றுதான் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். இல்லை, அது ஒடுக்கு எடுக்கிற பட்டறை. புதுக் காரில் விழுந்த சின்னச் சின்ன ஒடுக்குகளை, பெயின்ட்டின் மேல் நகம்கூடப் படாமல், தகட்டின் பின்பக்கமாகக் கம்பியை நுழைத்துக் கடுகளவு கடுகளவாகத் தள்ளி நிமிர்த்துவது குச்சியின் தொழில். பள்ளத்தை அடைக்கிற புட்டிப் பசை கிடையாது. மறுபெயின்ட் கிடையாது. அவள் நிமிர்த்திய இடத்தை அந்தக் காரைப் பெற்ற கம்பெனியே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அந்த வேலைக்கு மங்கலான இடம் வேண்டும். கோடு கோடாக வெளிச்சம் விழுகிற விளக்குப் பலகை ஒன்று வைத்திருக்கிறாள். தகடு ஒழுங்காக இருந்தால் அந்தக் கோடுகள் அதில் நேராக ஓடும். ஒடுக்கு இருந்தால் நெளியும். நெளிவு நேராகும்வரை தள்ள வேண்டும். நடுத்தெரு வெயிலில் அந்த விளக்கைப் பிடிப்பது, கல்யாண மண்டபத்தில் ரகசியம் பேசுவதற்குச் சமம்.

அப்படிப்பட்ட மங்கலான இடம்தான் அம்மா வீட்டுப் பின்பக்கத்து ஷெட். "இது என் பொண்ணுக்கு" என்று வாயால் சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார். அண்ணன்காரன் போன வாரம், அவள் வெளிவேலையாகப் போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினான். எதற்கு? தன் புதுக் காரை நிறுத்த!

ஒடுக்கு எடுக்கிறவளைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்திய புத்திசாலி, பூமி உருண்டையில் அவன் ஒருவன்தான்.

இன்று காலை குச்சியிடம் வந்த டாக்சிக்காரர் மரத்தடியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, இந்த வெயில்ல உனக்கே கோடு தெரியல. நாளைக்கு என் வண்டிய நீ நிமித்துறியா, இன்னும் நசுக்குறியான்னு யாருக்குத் தெரியும்?"

"கொஞ்சம் மேகம் வரட்டும்ணே."

"மேகம் வந்தா மழையும் வரும். நான் வேற இடம் பாத்துக்கறேன்."

போய்விட்டார். இந்த வாரம் அப்படிப் போனவர்களில் அவர் முதல் ஆளில்லை. குச்சியின் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர், வருவது அபூர்வம். ஷெட் திரும்பி வராவிட்டால் தொழில் போய்விடும். அது போனால், "அண்ணா, எனக்கு ஏதாவது பாத்துப் பண்ணு" என்று அந்த அண்ணன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு இந்தக் கொக்கிக் கம்பியை முழுங்கிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான் அந்த அலறல் கேட்டது.

அலறல் என்றால் அப்படி இப்படி அலறல் இல்லை. மரத்திலிருந்த காக்கைகள் கூண்டோடு கிளம்பி அடுத்த ஊருக்குக் குடிபோய்விட்டன. நாய்கள் ஒருமுறை குரைத்துப் பார்த்துவிட்டு, இதனோடு போட்டி போட முடியாது என்று வாலைச் சுருட்டிக்கொண்டன.

அலறியது அண்ணன்காரன். கருநீலப் புதுக் காரின் பின்கதவில் வரிசையாக ஒடுக்குகள்! அம்மை போட்ட முகம்போலக் கதவு அவனைப் பார்த்து இளித்தது.

அவனுக்கு இன்றைக்கென்று பார்த்து இப்படி ஆகியிருக்கிறது. அவன் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மேலாளர். முதலாளி புதுக் கிளை ஒன்று திறக்கப்போகிறார். அந்தக் கிளையின் முழுப் பொறுப்பையும் குடோன் சாவியையும் யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கெட்டிக்காரனைவிட நம்பகமானவன் வேண்டும் என்பது முதலாளியின் கட்சி. "சாயங்காலம் உன் வீட்டுக்கு வர்றேன், காரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தார். உறவுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தான், சாட்சிக்கு.

லுங்கியோடு மரத்தடிக்கு ஓடி வந்தான்.

"ஏய் குச்சி! நீதானே?"

"நான்தான் குச்சி. என்ன வேணும்?"

"விளையாடாத. காரைத் தட்டினது நீதானே? சுத்தியல் எங்க? காட்டு!"

"அண்ணா, நான் தட்டியிருந்தா நீ இந்த ஜென்மத்துல கண்டுபிடிச்சிருக்க மாட்ட."

"திமிரு! அப்பா குடுத்த செல்லம்!"

"அப்பா ஷெட்டும் குடுத்தாரு. அதைத்தான் காணோம். உன் கார்ல ஏறி எங்கயாவது போயிடுச்சான்னு பாரு."

அவன் பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. போய் நேராக ஒரு பெயின்டரைக் கூட்டி வந்தான். பெயின்டர் கதவைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"புட்டி வச்சு அடிக்கலாம் சார். ஆனா இது மினுக்குற நீலம். கதவு ஒரு நீலம், வண்டி ஒரு நீலம்னு நிக்கும். பார்க்குறவன், புது வண்டிலயே அடிபட்டிருக்கு, மறைச்சிருக்காங்கம்பான். அப்புறம் சாயங்காலத்துக்குள்ள காயவும் காயாது."

"வேற வழி?"

"பெயின்ட்டைத் தொடாம ஒடுக்கு எடுக்குற பொண்ணு ஒண்ணு இந்தத் தெருவுலயே இருக்கே சார். மரத்தடியில. பாவம், அதுக்கு ஒரு ஷெட் இருந்துச்சு, எவனோ பிடுங்கிட்டானாம்."

அண்ணன்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

---

அண்ணி வந்தாள்.

அண்ணிக்கும் குச்சிக்கும் கல்யாண நாளிலிருந்து பேச்சு என்பது, "உப்பு இருக்கா" "இருக்கு" என்ற அளவில்தான். நாத்தனாரைக் கண்டால் அண்ணி ஜன்னலைச் சாத்துவாள். அண்ணியைக் கண்டால் நாத்தனார் கம்பியைத் தேய்ப்பாள். இரண்டு நாட்டு எல்லையில் இருக்கிற ராணுவம்கூட இவர்களைவிடச் சகஜமாகப் பழகும்.

"உங்கண்ணன் கூப்பிடறார்."

"ஏன், அவருக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. இப்போதைக்கு மூடி வச்சிருக்கார்."

குச்சி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.

"வேலை ஷெட்லதான் நடக்கும்னு சொல்லுங்க அண்ணி. பூட்டை அவர் கையாலயே திறக்கணும். என் சாமானெல்லாம் அவரே தூக்கிட்டு வந்து, எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க வைக்கணும். நான் கையைக் கட்டிட்டு நிப்பேன்."

"எல்லாமா?"

"மரத்தடியில கிடக்கிற அந்த வாளியும்."

தெரு பார்த்தது. கஞ்சி போட்ட கோடுபோட்ட சட்டையில், ஜவுளிக்கடை மேலாளர் கம்பிக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கொக்கிக் கம்பி ஒன்று அவர் காலரில் மாட்டி, பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இழுத்தது. எதிர்வீட்டு மாடியில், துணி காயப்போட வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு நின்றார்கள்.

"பாத்து சார், வழுக்கப்போகுது!" என்று ஒரு குரல் வந்தது. அக்கறையாக வந்த குரல் மாதிரித் தெரியவில்லை.

குச்சி பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு போனாள். இத்தனை நாள் கருகிக் கிடந்த வயிறு அன்றைக்குத்தான் கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான். இன்னும் நிறைய இடம் பாக்கி இருந்தது.

---

ஷெட்டுக்குள் காரைப் பின்புறமாக ஏற்றி, மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தான். கதவின் உள்பக்க மூடியைக் குச்சி கழற்றினாள். விளக்குப் பலகையைச் சாய்த்துப் பிடித்தாள். நேராக ஓட வேண்டிய கோடுகள் பாம்புக் குட்டிகளாக நெளிந்தன.

அண்ணன்காரன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"தள்ளி நில்லு அண்ணா. உன் சட்டைக் கோடும் கதவுல விழுது. எது உன் கோடு, எது என் கோடுன்னு தெரியல. உன் தொந்திய நிமித்திடப் போறேன்."

அவன் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"வெள்ளை கண்ணைக் கூசுது."

சாம்பல் நிறத்தில் வந்தான்.

"இது ஒடுக்கு மாதிரியே நிழலடிக்குது. நீ வாசல்ல உக்காரு. உன் முகம் தகட்டுல தெரிஞ்சாலே எனக்குக் கை நடுங்குது."

வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். போனில் உறவுக்காரர்களிடம், "ஒண்ணுமில்ல, சும்மா சர்வீஸ்" என்று அளந்துகொண்டிருந்தான்.

அண்ணி டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

குச்சி ஒடுக்குகளை ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தாள். கல் விழுந்தால் ஒரு மாதிரி பள்ளம் விழும், பக்கத்துக் காரின் கதவு இடித்தால் ஒரு மாதிரி. இவை இரண்டும் இல்லை. ஒவ்வொன்றும் பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் கூர்மையாக, மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. அத்தனையும் ஒரே உயரத்தில். உயரமானவர் அடித்த உயரமில்லை.

குச்சியின் பார்வை மெதுவாகக் கதவிலிருந்து தரைக்கு வந்தது. அண்ணியின் செருப்புக்கு வந்தது. குதிகாலில் பிறை வடிவக் கட்டை வைத்த செருப்பு. ஒன்றில் அந்தக் கட்டையின் ஓரம் புதிதாக நசுங்கியிருந்தது.

"அண்ணி."

"ம்."

"நல்ல செருப்பு."

அண்ணி வாசலைப் பார்த்தாள். கணவன் முதுகு அசையவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிடுவியா?"

"எதுக்கு அடிச்சீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் யோசிக்கறேன்."

"புதுக் கார்ல செருப்போட ஏறக்கூடாதுன்னாரு. சரின்னு கழட்டி ஒரு பையில போட்டு டிக்கியில வச்சேன். பெட்ரோல் போடுற இடத்துல, 'இறங்கி நில்லு, உன்னால வண்டி ஒரு பக்கமா சாயுதான்னு பாக்கணும்'னாரு. இறங்கினேன். பாத்தாரு. அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டாரு. யாரோ கடையாள் போன் பண்ணினானாம், பேசிட்டே போயிட்டாராம், என்னை மறந்துட்டாராம். தார் ரோடு. உச்சி வெயில். வெறுங்கால்."

அண்ணி காலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"வீட்டுக்கு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'கால் கழுவிட்டியா? நாளைக்கு கார்ல ஏறணும்.'"

குச்சி அந்தக் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு கம்பியை எடுத்துக் கண்ணாடி இறங்கும் இடுக்கில் நுழைத்தாள்.

"கதவோட நிறுத்திட்டீங்களே அண்ணி. நானா இருந்தா கண்ணாடியையும் விட்டிருக்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சத்தமில்லாத சிரிப்பு. கார் லேசாகக் குலுங்கியது.

வேலை நடந்தது. குச்சி ஒடுக்கின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்தாள். நடுவிலேயே குத்தினால் தகடு முரண்டு பிடிக்கும், பெயின்ட் வெடிக்கும். கம்பி முனை தகட்டின் முதுகில் எங்கே நிற்கிறது என்று மேலே கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு தள்ளல், ஒரு பார்வை. அண்ணன்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் வேலையில் அதைக் காட்டவில்லை. பழி வேறு, கதவு வேறு. பாம்புக் குட்டிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, இஸ்திரி போட்ட கோடுகளாகப் படுத்துக்கொண்டன.

கடைசி ஒடுக்கில் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டாள். அண்ணி விரலை நீட்டினாள்.

"இது என்ன குச்சி, புள்ளி மாதிரி?"

"மேடு. ஜாஸ்தி தள்ளிட்டா வரும். மேலேருந்து பிளாஸ்டிக் முனை வச்சுத் தட்டினா இறங்கிடும்."

"நேரா நின்னு பாத்தா தெரியலையே."

"தெரியாது. வெளிச்சம் சாஞ்சு விழுந்தாதான் தெரியும்."

அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி சாய்த்தாள். பிறகு மிகவும் சாதுவான குரலில் கேட்டாள்:

"புள்ளி வருதுன்னா, கோடு வருமா?"

குச்சியின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"கோடு வந்தா எழுத்தும் வருமில்ல?"

"அண்ணி," என்றாள் குச்சி. "இத்தனை வருஷமா நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருந்தேன்."

என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் போனது. அண்ணி சொன்ன வார்த்தைகளில் பாதியை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. மீதிப் பாதி காரின் முன்மூடியான பானெட்டில் அடங்காது. "அயோக்கியன்னு எழுதினா லாரிதான் வேணும்" என்றாள் குச்சி. கடைசியில் சுருக்கமாக, நாகரிகமாக, உண்மையாக ஒரு சொல்லில் வந்து நின்றார்கள்.

திருடன்.

"கீழேருந்து தள்ளுறியே, திருப்பி எழுதணுமா?"

"வேணாம். மேல பாத்துக்கிட்டேதானே தள்ளுவேன். தானா நேரா வரும்."

பானெட்டைத் தூக்கி, உள்சட்டத்தின் ஓட்டைகளுக்குள் வாத்துக் கழுத்துக் கம்பியை நுழைத்தாள். அண்ணி விளக்கைப் பிடித்தாள். முதல் கோடு எழுந்தபோது இருவருக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'ரு'வின் வளைவு கொஞ்சம் தகராறு செய்தது. 'ட' வந்து விழுந்தது பாருங்கள், அச்சகத்தில்கூட அப்படி விழாது.

முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். பானெட் அப்பாவியாக, புத்தம் புதுசாக, கருநீலமாகப் படுத்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"கதவை வந்து பாரு."

அண்ணன்காரன் கதவைத் தடவினான், முகர்ந்துகூடப் பார்த்தான். ஒடுக்கு போன இடம் தெரியவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "சரி, சாமானை மறுபடி வெளிய எடுத்து வை. அவங்க வர்ற நேரமாச்சு" என்றான்.

மடையன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால்கூடக் குச்சி அந்த எழுத்தைத் தட்டி இறக்கியிருப்பாள்.

---

சாயங்காலம் முதலாளி வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு, பார்வை அதிகம். உறவுக்காரர்கள் ஷெட்டுக்குள் சுவரோரமாக நின்றார்கள். அம்மாவும் ஒரு முக்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஷெட்டின் வாசல் மேற்கே பார்த்தது. தாழ்ந்துகொண்டிருந்த வெயில் வாசற்படியைத் தாண்டித் தரையில் ஒரு பாய் விரித்தது. பாய் மெல்ல நீண்டுகொண்டிருந்தது.

"அண்ணா," குச்சி அவன் காதருகில் வந்தாள். "பானெட்டைக் கொஞ்சம் குனிஞ்சு பாரு."

"இப்ப என்ன?"

கையிலிருந்த சின்ன டார்ச்சைப் பானெட்டின் ஓரமாகப் படுக்க வைத்து, ஒரு சிமிட்டு சிமிட்டினாள்.

அவன் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒன்றாம் வகுப்பில் முதல்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தபோதுகூட அவனுக்கு இப்படி வியர்த்திருக்காது.

"அடிப்பாவி! அழி! இப்பவே அழி!"

"சிரி அண்ணா, முதலாளி பாக்கறார்."

சிரித்தான். பல்வலிக்காரன் போட்டோவுக்குச் சிரிப்பதுபோல.

"அழிக்கணும்னா கம்பி வேணும், விளக்கு வேணும், நிம்மதியா உக்கார ஒரு ஷெட் வேணும். எனக்குத்தான் ஷெட் இல்லையே? வெயில் பம்பர்கிட்ட வந்துடுச்சு, பாரு. பானெட்ல ஏறுச்சுன்னா டார்ச் தேவையில்ல. எல்லாரும் படிக்கலாம். கொட்டை எழுத்து."

"வேணும்னா வாரத்துல ஒரு நாள் வந்து வேலை செய்..."

"பம்பர் ஏறிடுச்சு."

"காலைல நீ, ராத்திரி கார்..."

"லைட்டுக்கு வந்தாச்சு அண்ணா."

அந்த நேரம் பார்த்து முதலாளி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல விசாலமான ஷெட். காருக்குன்னே கட்டினதா?"

அண்ணன்காரன் வெயிலைப் பார்த்தான், பானெட்டைப் பார்த்தான்.

"இல்ல சார். இது... என் தங்கச்சியோடது."

"சத்தமா," என்றாள் குச்சி, உதடு அசையாமல்.

"என் தங்கச்சியோட ஷெட் சார்! எங்கப்பா அவளுக்குக் குடுத்தது! நான் சும்மா, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் நிறுத்தினேன்!" ஊரே கேட்கக் கத்தினான். சுவரோர உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை அவர்களிடம் ஷெட் தனக்குத்தான் என்றல்லவா அவன் சொல்லிவந்தான்?

"சாவி?" என்று குச்சி கையை நீட்டினாள்.

இடுப்பிலிருந்து சாவியை உருவி, எல்லோரும் பார்க்க அவள் கையில் வைத்தான்.

வெயில் பானெட்டின் விளிம்பைத் தொட்டது.

குச்சி காருக்கு முன்னால் போய் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். ஆனால் பேருக்கேற்ற உடம்பாயிற்றே! அவள் நிழல் சரியாக ஓர் எழுத்தைத்தான் மறைத்தது. 'தி' போயிற்று. மற்றவையெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டு மெல்ல எழுந்தன.

அண்ணன்காரன் கண்ணால் கெஞ்சினான், குச்சியை அல்ல, அண்ணியை. அண்ணி பூசினாற்போல இருக்கிற உடம்பு.

அண்ணி அவசரப்படவில்லை. அவன் பக்கத்தில் வந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"என்னங்க, இனிமே நான் செருப்போடதான் கார்ல ஏறுவேன்."

"ஏறிக்கோ."

"முன்சீட்டுல."

"உக்காரு தாயே, உக்காரு!"

"என்னை எங்கயாவது இறக்கி விட்டுட்டுப் போனா?"

"நான் இறங்கிக்கறேன், நீ ஓட்டிட்டுப் போ!"

அண்ணி நிதானமாக நடந்துபோய் நாத்தனார் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றாள். பானெட் முழுக்க நிழல் விழுந்தது. கல்யாண நாளிலிருந்து அந்த இருவரையும் இப்படி ஒன்றாகப் பார்த்திராத உறவுக்காரர் ஒருவர், அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

"ஒற்றுமையான குடும்பம்," என்றார் முதலாளி, மனமார.

---

பிரச்சினை அதோடு முடிந்திருக்கலாம். முதலாளி போகும்போது, வாசலில் நின்று ஒரு குண்டு போட்டார்.

"குடோன் சாவி உனக்குத்தான்னு வச்சுக்கோ. காலைல புதுக் கிளையைப் போய்ப் பாத்துடலாம். என் வண்டி வேணாம், உன் புதுக் கார்லயே போவோம். விடியறதுக்குள்ள கிளம்பிடணும். ரோடு நேர் கிழக்கு, முன்சீட்டுல உக்காந்து சூரியன் எழும்புறதைப் பாத்துட்டே போகலாம்."

நேர் கிழக்கு. முன்சீட்டு. எதிரே சூரியன். நடுவில் பானெட்.

உள்ளேயிருந்து பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாகத் தெரிந்தாலும் திருடன் திருடன்தானே?

முதலாளியின் கார் மறைந்ததும் அண்ணன்காரன் குச்சியிடம் ஓடினான்.

"கேட்டதெல்லாம் குடுத்துட்டேன். அழிச்சுடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

குச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசோடு இருப்பவர்கள் கொஞ்சம் இளகிவிடுவார்கள்.

"சரி, விளக்கைப் போடு. தட்டி இறக்கிடறேன். இருட்டுறதுக்குள்ள ஆயிடும்."

முதலாளியை வழியனுப்பப் போகும்போது பூட்டிய ஷெட்டைத் திறக்கச் சாவியைப் பூட்டில் வைத்தாள். அதன்மேல் ஒரு கை வந்து விழுந்தது.

அம்மா.

"அந்தச் சாவியைக் குடு."

"அம்மா, அண்ணன் காருக்கு..."

"தெரியும். நான் முக்காலியில உக்காந்திருந்தேன். நீங்கள்லாம் நின்னுட்டுப் பாத்தீங்க, நான் பானெட் மட்டத்துலேருந்து பாத்தேன். உங்களுக்கெல்லாம் முன்னாடியே படிச்சாச்சு."

அண்ணன்காரன் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். பெற்றவள் வந்துவிட்டாள், காப்பாற்றிவிடுவாள்.

"நல்லவேளை வந்த. நீயே சொல்லும்மா அவகிட்ட. சீக்கிரம் அழிக்கச் சொல்லு!"

அம்மா சாவியை வாங்கி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. சின்னவன் வீட்டை விட்டுப் போனானே, அன்னைக்கு வாசல்ல நிறுத்தி வச்சு அவன்கிட்ட என்னடா சொன்ன?"

சின்னவன்.

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர் அது. இவர்கள் இருவருக்கும் கீழே பிறந்தவன். ஒரு நாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனவன், இன்றுவரை ஒரு போன்கூடப் பண்ணவில்லை. "சும்மா கோவிச்சுட்டுப் போயிட்டான்" என்பதுதான் அண்ணன்காரன் எல்லோருக்கும் சொன்ன கதை. அம்மா அன்றைக்கு அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

குச்சியின் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது.

"அம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"விடியறதுக்கு இன்னும் நேரமிருக்கு," என்றாள் அம்மா. "யோசிச்சே சொல்லு. அதுவரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்."

முக்காலியை இழுத்து ஷெட் வாசலில், கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.